பட்டமா, பந்தயமா? சிவசங்கரியின் கல்லூரி ஆண்டுகள் சொல்லும் கணக்கு

2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்ஜோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், மகளிர் ஒற்றையர் ஸ்குவாஷ் இறுதியாட்டத்தில் ஹாங்காங்கின் சான் சின் யுக்கைத் தோற்கடித்து எஸ். சிவசங்கரி தங்கம் வென்றார். அதற்குச் சில நாள் முன்புதான் மகளிர் குழுப் போட்டியிலும் மலேசியா தங்கம் வென்றிருந்தது. அந்தக் குழுவிலும் அவர் இருந்தார். சிவசங்கரி பிறந்தது சுங்கைப்பட்டாணியில். மெர்போக்கில் இருக்கும் எங்களுக்குச் சுங்கைப்பட்டாணி என்றால் டியூஷனுக்கும் பல் மருத்துவரிடமும் தீபாவளித் துணி எடுக்கவும் போகிற ஊர். அதனால் அந்தத் தங்கத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை வாங்கிவந்ததுபோல் இங்கே பலரும் பேசினார்கள்.

பேச்செல்லாம் பதக்கத்தைப் பற்றியே இருந்தது. மாணவர்களாகிய நமக்கு அதைவிடப் பயனுள்ள ஒரு செய்தி அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் ஒரே வரியாக வந்துபோனது. அவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தவர், அந்தப் பல்கலைக்கழகத்தின் மகளிர் ஸ்குவாஷ் அணிக்காக ஆடியவர். முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரராக உலகச் சுற்றில் இறங்குவதற்கு முன்பு அவருக்கு ஒரு கல்லூரி வாழ்க்கை இருந்தது. விளையாட்டில் கெட்டிக்காரப் பிள்ளை படிவம் 4 வந்ததும் "இனி படிப்பா, பந்தா, முடிவு பண்ணு" என்று வீட்டில் கேட்கப்படுகிற நம் ஊரில், அந்த ஒரு வரியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது நல்லது.

முதலில் காலவரிசை. 2018-இல் ஜக்கார்த்தாவில் நடந்த ஆசியப் போட்டியின்போது சிவசங்கரிக்கு வயது 19. அரையிறுதியில் சென்னையின் ஜோஷ்னா சின்னப்பாவை வென்று இறுதிக்கு வந்தார். இறுதியில் எதிரே நின்றவர் நிக்கோல் டேவிட். தங்கம் நிக்கோலுக்கு, வெள்ளி சிவசங்கரிக்கு. நாட்டின் மிகப் பெரிய ஸ்குவாஷ் ஆட்டக்காரருக்கு அடுத்து யார் என்ற கேள்விக்கு அன்றே பதில் கிடைத்துவிட்டது என்று பலரும் நினைத்தார்கள். அப்படிப்பட்ட ஒருவர் உடனே எல்லாவற்றையும் விட்டுவிட்டு உலகத் தரவரிசையைத் துரத்துவார் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அவரோ பட்டப்படிப்பையும் சேர்த்துக்கொண்டார். நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா என்ற சிறிய, குளிர்கால ஊரில் விரிவுரைக்கும் ஆடுகளத்துக்கும் இடையே அவருடைய இளமையின் முக்கியமான ஆண்டுகள் கழிந்தன.

2022 ஜூனில், பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டிக்குச் சில வாரங்களே இருந்தபோது, கோலாலம்பூரில் ஒரு சாலை விபத்தில் சிக்கினார். முகத்திலும் கழுத்திலும் எலும்பு முறிவு. பர்மிங்ஹாம் போகவில்லை. மீண்டும் ஆட முடியுமா என்ற பேச்சே அப்போது இருந்தது. அடுத்த ஆண்டு ஹாங்ஜோ தங்கம். 2024-இல் லண்டன் ஸ்குவாஷ் கிளாசிக் போட்டியில் உலகின் முதல் நிலையில் இருந்த எகிப்தின் நூர் எல் ஷெர்பினியை வீழ்த்தி, இறுதியில் இன்னொரு எகிப்தியரான ஹானியா எல் ஹம்மாமியையும் வென்று பட்டத்தைக் கைப்பற்றினார். பிறகு உலகின் முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்தார்.

இந்தப் பட்டியலைப் பார்த்து "கல்லூரிக்குப் போனதால்தான் வென்றார்" என்று சொல்லிவிடக் கூடாது. அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. கல்லூரிக்குப் போனது அவரைத் தடுக்கவில்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். நம் வீடுகளில் நடக்கும் விவாதத்துக்கு அதுவே போதும்.

அமெரிக்காவில் பல்கலைக்கழகமும் விளையாட்டும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை நாம் இங்கிருந்து சரியாகப் புரிந்துகொள்வதில்லை. அதைப் புரிந்துகொள்ள அவர்களுடைய பெரிய ஆட்டமான அமெரிக்கக் காற்பந்தைப் பார்க்க வேண்டும். நாம் காலால் உதைக்கும் காற்பந்து வேறு; இது முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம். அதில் பக்கவாட்டில் பாய்ந்து ஓடி, தூரத்திலிருந்து வீசப்படும் பந்தைப் பிடிப்பவருக்கு 'வைட் ரிசீவர்' என்று பெயர். அந்த இடத்தில் ஆடியவர்களிலேயே தலைசிறந்தவர் என்று பெரும்பாலோர் சொல்வது ஜெரி ரைஸ். மிசிசிப்பி மாநிலத்தின் ஒரு சிற்றூரில் கொத்தனாரின் மகனாகப் பிறந்தவர். கோடையில் அப்பாவோடு வேலைக்குப் போய், வீசப்படும் செங்கற்களைப் பிடித்துப் பிடித்துத்தான் கை பழகியது என்று அவரே சொல்லியிருக்கிறார். பெரிய பல்கலைக்கழகம் எதுவும் அவரைக் கூப்பிடவில்லை. கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட மிசிசிப்பி வேலி மாநிலப் பல்கலைக்கழகம் என்ற சிறிய நிறுவனம்தான் இடம் கொடுத்தது. அங்கே ஆடிய ஆட்டத்தைப் பார்த்துத்தான் 1985-இல் தொழில்முறை லீக்கின் வீரர் தேர்வில் முதல் சுற்றிலேயே 16-ஆவது ஆளாக சான் பிரான்சிஸ்கோ அணி அவரை எடுத்தது. ஓய்வு பெறும்போது அவர் பிடித்திருந்த பந்துகள் 1,549. அந்தச் சாதனை இன்றும் அவர் பெயரில்தான் உள்ளது.

ரைஸுக்குக் கல்லூரி ஒரு கட்டாய வாசல். உயர்நிலைப்பள்ளியை முடித்து மூன்று ஆண்டுகள் ஆகாமல் யாரும் அந்தத் தொழில்முறை லீக்கில் சேர முடியாது. அந்த மூன்று ஆண்டுகளையும் கல்லூரி அணியில் கழிப்பதுதான் வழக்கம். அதனால் அங்கே பல்கலைக்கழகமே பயிற்சிக்கூடம், அதுவே காட்சிமேடை. ஆனால் கல்லூரியில் ஆடும் நூறு பேரில் இரண்டு பேர்கூட தொழில்முறை லீக்கை எட்டுவதில்லை. மற்றவர்கள் கையில் எஞ்சுவது பட்டம் மட்டுமே. அதையும் முடிக்காமல் விட்டவர்களின் கதை பல உண்டு, அவை நம் காதுக்கு வருவதில்லை.

ஸ்குவாஷில் அப்படி ஒரு கட்டாயமே கிடையாது. பதினாறு வயதிலேயே உலகச் சுற்றில் சேரலாம். நிக்கோல் டேவிட் அதைத்தான் செய்தார். பினாங்கில் பிறந்த அவர் 2000-இல், பதின்ம வயதிலேயே தொழில்முறைக்கு மாறினார். பிறகு ஆம்ஸ்டர்டாமில் குடியேறிப் பயிற்சி பெற்றார். எட்டு முறை உலக வெற்றியாளர். 2006 ஆகஸ்டிலிருந்து ஒன்பது ஆண்டுகள் உலகின் முதல் இடத்தை விட்டு இறங்கவே இல்லை. நிக்கோலின் வாழ்க்கையை எடுத்துக்காட்டிப் பட்டப்படிப்பு தேவையில்லை என்று வாதாடும் தம்பிமார்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பதினேழு வயதுக்குள் உலக இளையோர் வெற்றியாளர் பட்டம் உன் கையில் இருந்தால் நிக்கோலைப் பின்பற்று. அவர் 1999-இலேயே அதை வென்றுவிட்டுத்தான் அந்த முடிவை எடுத்தார்.

அப்படியானால் கட்டாயம் இல்லாத ஓர் ஆட்டத்தில் ஒருவர் ஏன் கல்லூரிக்குப் போக வேண்டும்? போனவர்களின் பட்டியல் சிறியதல்ல. எகிப்தின் அலி ஃபராக் ஹார்வர்டில் இயந்திரப் பொறியியல் படித்து 2014-இல் பட்டம் பெற்றார். பிறகு நான்கு முறை உலக வெற்றியாளர் ஆனார். அமெரிக்காவின் அமாண்டா சோபி ஹார்வர்டில் இருந்த நான்கு ஆண்டுகளும் கல்லூரி ஆட்டத்தில் ஒருமுறைகூடத் தோற்கவில்லை. பிறகு உலகின் முதல் ஐந்துக்குள் வந்தார். இங்கிலாந்தின் ஜார்ஜினா கென்னடியும் ஹார்வர்ட் பட்டதாரிதான். சிவசங்கரி போக முடியாமல் போன அந்தப் பர்மிங்ஹாம் போட்டியில் ஒற்றையர் தங்கத்தை வென்றவர் அவரே. தமிழ்நாட்டின் வேலவன் செந்தில்குமார் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர்.

கல்லூரி ஸ்குவாஷின் அமைப்பும் வேறு மாதிரி. ஓர் அணியில் ஒன்பது பேர், திறமை வரிசைப்படி ஒன்று முதல் ஒன்பது வரை. எதிரணியின் அதே எண்ணுடைய ஆளோடு ஒவ்வொருவரும் மோத வேண்டும். ஐந்து ஆட்டங்களை வெல்லும் அணிக்கு வெற்றி. தனியாளாக விமானம் ஏறி, தனியாளாகத் தோற்று, தனியாளாக அறைக்குத் திரும்பும் ஆட்டம் இது. அதில் ஒன்பதாவது இடத்தில் ஆடும் தோழியின் புள்ளியும் உங்கள் புள்ளியும் ஒரே எடைதான் என்ற நிலை வரும்போது மனம் வேறு விதமாகப் பழகும். பயிற்றுநர், உடற்பயிற்சிக் கூடம், காயத்தைக் கவனிக்கும் மருத்துவக் குழு எல்லாம் ஒரே வளாகத்தில். உலகச் சுற்றில் கீழ்நிலையில் இருக்கும் ஒருவர் இவை ஒவ்வொன்றுக்கும் தன் சொந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டும். ஸ்குவாஷில் முதல் சில ஆண்டுகளுக்குப் பரிசுப் பணம் விமானச் சீட்டுக்கே போதாது என்பது அந்த ஆட்டத்தில் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

இழப்பும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கல்லூரிப் பருவம் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை ஓடுகிறது. அந்த மாதங்களில் உலகச் சுற்றின் போட்டிகளைத் தவறவிட்டால் தரவரிசை இறங்கும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் நீண்டகாலமாக இருந்த அமெச்சூர் விதிகளின்படி பரிசுப் பணத்தைச் சம்பாத்தியமாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. போதாததற்குக் கோவிட். கார்னெல் இடம்பெற்றுள்ள ஐவி லீக் 2020-21 குளிர்காலப் பருவத்தை முழுவதுமாக ரத்து செய்தது. இருபது, இருபத்தொரு வயது என்பது ஓர் ஆட்டக்காரருக்குப் பொன்னான காலம். அதில் ஒரு பருவம் அப்படியே போனது.

இனி நம் பக்கம் வருவோம். கெடாவில் ஒரு தோட்டத்துப் பிள்ளைக்குத் தொழில்முறை விளையாட்டு என்றால் முதலில் நினைவுக்கு வருவது காற்பந்துதான். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு திடல், ஒவ்வொரு திடலுக்கும் ஒரு குழு என்று இருந்த ஊர்கள் இவை. இன்று அந்தக் கனவின் நிலை என்ன? பலமுறை மலேசியக் கிண்ணத்தை வென்ற கெடாவின் அணி அண்மை ஆண்டுகளில் சம்பளப் பாக்கிச் சிக்கலில் மாட்டியது. புள்ளிகள் வெட்டப்பட்டன. கடைசியில் 2025-26 சூப்பர் லீக் பருவத்தில் கெடா டாருல் அமான் அணி இல்லவே இல்லை. தேசிய அணிக்கு ஆடியவர்களே மாதக்கணக்கில் சம்பளத்துக்குக் காத்திருந்தார்கள். இதைப் பார்த்த ஒரு தாய், "பந்து வேணாம், எஸ்.பி.எம். முடிச்சிட்டு ஒழுங்கா மேல படி" என்று சொன்னால் அவர் மீது குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் அந்தத் தாயின் கையில் இரண்டு வழிகள் மட்டுமே இருப்பதற்குக் காரணம் நம் கல்வி அமைப்பு. பொதுப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு முடிவுக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. பள்ளியில் விளையாட்டு என்பது அந்தப் பத்து விழுக்காட்டை நிரப்பும் சான்றிதழாகச் சுருங்கிவிட்டது. மாநில அளவில் ஓடியவரும், மன்றக் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டவரும் ஒரே கோப்பைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். உண்மையாகவே திறமையுள்ள சிலர் புக்கிட் ஜாலில் போன்ற விளையாட்டுப் பள்ளிகளுக்குப் போகிறார்கள். மற்றவர்களுக்கு எஸ்.பி.எம். வந்ததும் ஆட்டம் முடிகிறது.

பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகாவது தொடருமா? நம் நாட்டில் உயர்கல்விக்கூடங்களுக்கு இடையே லீக்குகள் இருக்கின்றன. பல்கலைக்கழக விளையாட்டு மன்றமான மாசும் நடத்தும் போட்டிகளும் உண்டு. நானும் போய்ப் பார்த்திருக்கிறேன். ஆட்டம் நன்றாகவே இருக்கும். பார்வையாளர் வரிசையில் ஆடுபவர்களின் அறைத்தோழர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். தொழில்முறைக் குழுவின் ஆள் ஒருவர் வந்து குறிப்பெடுத்துக்கொண்டு போனதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

ஒரு பல்கலைக்கழகம் முயன்று பார்த்தது. யு.ஐ.டி.எம். காற்பந்து அணி 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகள் மலேசியாவின் உயர்நிலையான சூப்பர் லீக்கிலேயே ஆடியது. பல்கலைக்கழகப் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு மாநில அணிகளை எதிர்த்து ஆடினார்கள். பிறகு கீழே இறங்கியது. அந்தப் பல்கலைக்கழகத்தின் கெடா கிளை எங்கள் மெர்போக்கில்தான் இருக்கிறது. அதன் பெயர்ப்பலகையைக் கடந்துதான் நாங்கள் பள்ளிக்குப் போனோம். இளநிலைப் படிப்புக்கு அங்கே பூமிபுத்ரா மாணவர்களுக்கே இடம் என்பதால் அந்தப் பாதை நம்முடையது அல்ல. இருந்தாலும் பல்கலைக்கழக அணி ஒன்றால் இந்த நாட்டில் அந்த உயரத்தை எட்ட முடியும் என்று அது காட்டியது. நம் சமுதாயத்தின் முயற்சியில் உருவான ஏம்ஸ்ட் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே, பீடோங் அருகே இருக்கிறது. மருத்துவம், பொறியியல் என்று பேசும்போதெல்லாம் அதன் பெயர் வருகிறது. கெடா, பினாங்கு தோட்டப் பகுதிகளின் நல்ல காற்பந்து ஆட்டக்காரர்கள் இருபது பேருக்கு ஆண்டுதோறும் உபகாரச் சம்பளம் கொடுத்து, அவர்களைப் படிக்கவும் ஆடவும் வைக்கும் ஒரு திட்டம் அங்கே இருந்தால் எப்படி இருக்கும்? அதற்கு ஆகும் செலவு ஒரு கலைநிகழ்ச்சியின் செலவைவிட அதிகமாக இருக்காது என்பது என் எண்ணம்.

சரி, சிவசங்கரி போன பாதையிலேயே ஒருவர் போக நினைத்தால்? இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் எட்டு. கார்னெலும் ஹார்வர்டும் அவற்றில் அடக்கம். இந்த எட்டும் விளையாட்டுக்காக உபகாரச் சம்பளம் கொடுப்பதே இல்லை. உலக வெற்றியாளராக இருந்தாலும் கிடையாது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவித்தொகை. கார்னெலில் ஓராண்டுக்கான மொத்தச் செலவு 90,000 அமெரிக்க டாலருக்கு மேல். நம் பணத்தில் மூன்றரை லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் போன்ற சில பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களையும் பண வசதியைப் பாராமல் தேர்ந்தெடுத்து, தேர்வானபின் தேவையான உதவியை முழுவதுமாகக் கொடுக்கின்றன. எனவே வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைக்குக் கதவு அடைபட்டிருக்கிறது என்றும் சொல்ல முடியாது. ஆனால் கதவைத் தட்டுவதற்கே மதிப்பெண் வேண்டும். பயிற்றுநர் ஒருவர் விரும்பினாலும், சேர்க்கை அலுவலகம் கல்வித் தகுதியைப் பார்க்காமல் அனுமதிக்காது. எஸ்.ஏ.டி. தேர்வைக் கோவிட் காலத்தில் தளர்த்திய கார்னெலும் ஹார்வர்டும் இப்போது மீண்டும் கட்டாயமாக்கிவிட்டன. எஸ்.பி.எம். மட்டும் போதாது; எஸ்.டி.பி.எம். அல்லது ஏ லெவல் போன்ற ஒன்றும் தேவைப்படும்.

பீடோங் பக்கத்தில் 'ஹார்வர்ட்' என்ற பெயரிலேயே ஒரு தோட்டம் உண்டு, அங்கே தமிழ்ப்பள்ளிகளும் உண்டு. "நான் ஹார்வர்டில் படித்தேன்" என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் சிரித்துக்கொண்டே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த ஹார்வர்டிலிருந்து மாசசூசெட்ஸ் ஹார்வர்டுக்கு உள்ள தூரத்தைக் கூட்டுவது பணம் மட்டுமல்ல. ஸ்குவாஷ் ஆடக் கண்ணாடியோ சுவரோ உள்ள ஆடுகளம் வேண்டும். எந்தத் தோட்டத்துத் திடலிலும் அது இல்லை. சிவசங்கரியைப் பார்த்து "நீயும் ஆடு" என்று சொல்வதற்கு முன் "எங்கே ஆடுவது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே நம் பிள்ளைகளுக்கு இன்னும் பொருத்தமான எடுத்துக்காட்டு ஒரு ஓட்டக்காரரிடம் கிடைக்கிறது. 400 மீட்டர் ஓட்டத்தில் நாட்டைப் பிரதிநிதிக்கும் ஷெரின் சாம்சன் வல்லபோய், அமெரிக்காவின் வினோனா மாநிலப் பல்கலைக்கழகத்திலும் பிறகு டெக்சஸில் உள்ள ஏஞ்சலோ மாநிலப் பல்கலைக்கழகத்திலும் படித்துக்கொண்டே ஓடியவர். அவருடைய தந்தை சாம்சன் வல்லபோய், தாய் ஜோசப்பின் மேரி இருவருமே முன்னாள் தேசிய ஓட்டக்காரர்கள் என்பது அவருக்குக் கிடைத்த பெரிய பலம். அந்த இரண்டு பல்கலைக்கழகங்களின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்? அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் அவை இரண்டாம் பிரிவைச் சேர்ந்தவை. ஐவி லீக் கொடுக்காத விளையாட்டு உபகாரச் சம்பளத்தை இந்த இரண்டாம் பிரிவுப் பல்கலைக்கழகங்கள் கொடுக்கின்றன. பெரும்பாலும் முழுத்தொகையாக இல்லாமல், கட்டணத்தில் ஒரு பகுதியாக. நூறு மீட்டர் தேசியச் சாதனையாளர் அசீம் ஃபாமியும் அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவரே. ஓட்டத்துக்குச் சுவர் தேவையில்லை. நேரம் காட்டும் கடிகாரம் பொய் சொல்வதுமில்லை; மெர்போக்கில் ஓடிய 12 விநாடியும் டெக்சஸில் ஓடிய 12 விநாடியும் ஒன்றுதான். அதிகாரபூர்வப் போட்டியில் பதிவான உங்கள் நேரத்தை ஒரு பயிற்றுநருக்கு அனுப்பினால், அவர் உங்களை நேரில் பார்க்காமலேயே எடைபோட முடியும்.

இந்த இடத்தில் இன்னொரு மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். 2021 முதல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெறலாம். 2025-இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஓர் உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்களே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏறக்குறைய 2 கோடியே 5 லட்சம் டாலர். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தின் பெரும்பகுதி வைட் ரிசீவர் போன்ற காற்பந்துக்காரர்களுக்கும் கூடைப்பந்துக்காரர்களுக்கும்தான் போகும். ஐவி லீக் அந்த உடன்பாட்டில் சேரவே இல்லை. மாணவர் விசாவில் இருக்கும் வெளிநாட்டவர் அங்கே இப்படிச் சம்பாதிப்பதில் சட்டச் சிக்கலும் உண்டு. இன்னும் மோசமானது, காற்பந்துக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று சில பல்கலைக்கழகங்கள் சிறிய விளையாட்டுகளின் அணிகளைக் குறைக்கின்றன. அணியில் இத்தனை பேர்தான் என்ற வரம்பும் வந்துவிட்டது. நம் பிள்ளைகள் நுழையக்கூடிய கதவுகள் அந்தச் சிறிய விளையாட்டுகளில்தான் இருக்கின்றன. சிவசங்கரி காலத்தில் இருந்த இடைவெளி அடுத்த ஐந்து ஆண்டுகளில் அதே அகலத்தில் இருக்கும் என்று நான் நம்பவில்லை.

அதனால் இப்போது படிவம் 3-இலோ 4-இலோ இருக்கும் தங்கை, தம்பிகளுக்குச் சில நடைமுறை வார்த்தைகள். உங்கள் போட்டி முடிவுகளை, நேரத்தை, தரவரிசையைத் தேதியோடு எழுதி வையுங்கள். சான்றிதழ் மட்டும் போதாது. ஆட்டத்தைக் கைப்பேசியில் முழுதாகப் படம் எடுக்கச் சொல்லுங்கள், கோல் அடித்த காட்சியை மட்டும் வெட்டி வைக்காதீர்கள். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி மலாய் வழி இடைநிலைப்பள்ளிக்குப் போன என்னைப் போன்றவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதுவதே மலையாகத் தெரியும். பயிற்றுநருக்கு எழுத ஐந்து வரி போதும், அலங்காரம் வேண்டாம். 'வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு இடம் வாங்கித் தருகிறோம்' என்று முன்பணம் கேட்கும் முகவர்களிடம் உங்கள் பெற்றோரைத் தனியாக அனுப்பாதீர்கள். அந்த இணைப்புகளில் பெரும்பாலானவற்றை நீங்களே இலவசமாக ஏற்படுத்திக்கொள்ள முடியும். பல்கலைக்கழக அணிகளின் பயிற்றுநர் முகவரிகள் யாரும் பார்க்கும்படிதான் இருக்கின்றன.

பெற்றோருக்குச் சொல்ல எனக்கு வயது போதாது. ஒரு கணக்கை மட்டும் முன்வைக்கிறேன். ஓர் ஓட்டக்காரரின் உச்சம் இருபத்தைந்து வயதை ஒட்டி வருகிறது. ஸ்குவாஷில் அதைவிடத் தாமதமாகவும் வரும். சிவசங்கரி லண்டனில் உலகின் முதல்நிலை ஆட்டக்காரரை வீழ்த்தியபோது வயது 25. பதினேழு வயதில் படிப்புக்காக ஆட்டத்தை நிறுத்தும் பிள்ளை, தன் உச்சத்துக்கு ஏழெட்டு ஆண்டுகள் முன்பே விலகுகிறது. அதேபோல் பதினேழு வயதில் ஆட்டத்துக்காகப் படிப்பை நிறுத்தும் பிள்ளை, அந்த ஏழெட்டு ஆண்டுகளையும் எந்தப் பிடிமானமும் இல்லாமல் கடக்க வேண்டும். இரண்டுமே வீண் செலவுதான். பட்டப்படிப்பு எடுக்கும் மூன்று, நான்கு ஆண்டுகள் இந்த இடைவெளிக்குள் தாராளமாக அடங்கும்.

2026 செப்டம்பரில் ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் அடுத்த ஆசிய விளையாட்டுப் போட்டி. 2028-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக். ஸ்குவாஷ் முதல்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெறப் போகிறது. நிக்கோல் டேவிட் தன் காலம் முழுவதும் கேட்டுக் கிடைக்காத மேடை அது. ஜக்கார்த்தா இறுதியாட்டத்தில் அவரிடம் தோற்ற சுங்கைப்பட்டாணிப் பெண்ணுக்கு அப்போது வயது 29 ஆகியிருக்கும்.